எதிர்த்து ஒரே ஒரு ஓட்டு

போன மாதம் எங்கள் குடியிருப்பில் அசோசியேஷன் மீட்டிங். வழக்கமாக தண்ணி லாரி, லிஃப்ட் ரிப்பேர், யார் வீட்டு நாய் எங்கே அசிங்கம் பண்ணியது என்று ஓடும். இந்தத் தடவை 'பாதுகாப்பு'. கீழே நிறுத்தியிருந்த இரண்டு சைக்கிளைக் காணோம். உடனே ஒரு தீர்மானம். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் போட்டோ ஒட்டிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் உள்ளே வரணும். திரும்பிப் போகும்போது வாட்ச்மேனிடம் பையைத் திறந்து காட்டணும். குடியிருக்கிறவர்களுக்கு இதெல்லாம் கிடையாது.

"தப்பு செய்யாதவங்க எதுக்குப் பயப்படணும்?" என்றார் முன்வரிசைப் பெரியவர். எல்லாரும் தலையாட்டினார்கள். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று செயலாளர் கேட்டார். எனக்கு இருந்தது. எங்கள் வீட்டுக்கு ஒன்பது வருஷமாக வருகிற அக்காவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. சைக்கிளைப் பைக்குள் போட்டு எப்படிக் கொண்டு போவார்கள் என்றும் ஒரு கேள்வி வந்தது. ஆனால் அறுபது பேர் இருக்கிற இடத்தில் ஒத்தை ஆளாக எழுந்து நிற்க வெட்கமாக இருந்தது. செல்போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மினிட்ஸ் வந்தது. 'தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.' அந்த 'ஏகமனதாக' என்னை ரொம்பவே உறுத்தியது. அந்த ஏகத்துக்குள் என் மனதும் சேர்த்தி இல்லையா?

அந்த உறுத்தலில்தான் எப்போதோ படித்த ஒரு அம்மாவைப் பற்றி மறுபடி தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பெயர் ஹெலன் சூஸ்மன். தென்னாப்பிரிக்காக்காரர். 36 வருஷம் எம்.பி. அதில் 13 வருஷம் தன் கட்சிக்கு அவையில் அவர் ஒருவர்தான். ஒரு மீட்டிங்கில் கை தூக்க முடியாத நான் இந்த 13 வருஷத்தைப் பற்றி எழுதுவது கொஞ்சம் ஓவர்தான். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். நீளமான பதிவு, காபி எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

யார் இந்த அம்மா?

1917 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் ஜெர்மிஸ்டன் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். பெற்றோர் லிதுவேனியாவிலிருந்து பிழைப்புக்கு வந்த யூதர்கள். பத்தொன்பது வயதில் ஒரு டாக்டரோடு கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள். அதற்கப்புறமும் படிப்பை விடாமல் முடித்து விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு பாடம் எடுத்தார்.

அவரைத் திசைதிருப்பியது ஒரு விசாரணைக் கமிஷன். 1946-ல் நகரத்துக்கு வேலைக்கு வரும் கறுப்பின மக்களின் நிலைமையை ஆராய ஃபேகன் கமிஷன் என்று ஒன்றை அமைத்தார்கள். அதன் முன் வைப்பதற்கான தகவல்களைத் திரட்டித் தயாரிக்கும் வேலை, இன உறவுகள் ஆய்வு நிறுவனம் வழியாக இவரிடம் வந்தது. பாஸ் சட்டங்களை வரிவரியாகப் படித்தார். கறுப்பின மனிதன் ஒருவன் தன் சொந்த நாட்டில் ஒரு தெருவில் நிற்பதற்கே கையில் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். கேட்டதும் எடுத்துக் காட்டாவிட்டால் ஜெயில். இந்தக் குற்றத்துக்காக மட்டும் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் பிடிபட்டார்கள். அந்த 'பாஸ்' வழக்கம் 1986-ல்தான் ஒழிந்தது.

(எங்கள் வாட்ச்மேன் கேபினில் இப்போது தொங்குகிற அந்த அட்டைகள் இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வந்ததைச் சொல்லியே ஆகணும். இரண்டும் ஒன்றில்லை, தெரியும். ஆனால் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி மூக்கு மட்டும் ஒத்துப்போகிறது.)

1948-ல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. நிறவெறி அரசின் கொள்கையானது. 1953 தேர்தலில் ஜோகன்னஸ்பர்க்கின் பணக்காரப் பகுதியான ஹவுட்டன் தொகுதியிலிருந்து சூஸ்மன் எம்.பி. ஆனார். கட்சி, எதிர்க்கட்சியான ஐக்கியக் கட்சி. அந்த எதிர்க்கட்சி எப்படிப்பட்டதென்றால், காலையில் எதிர்த்துப் பேசும், சாயங்காலம் ஓட்டுப் போடும்போது ஆளுங்கட்சியோடு சேர்ந்துகொள்ளும். நமக்குப் பழக்கமில்லாத ரகமா என்ன :-)

பொறுக்க முடியாமல் 1959-ல் சில எம்.பி.க்கள் வெளியேறி முற்போக்குக் கட்சியை ஆரம்பித்தார்கள். சூஸ்மனும் அவர்களோடு போனார். 1961 அக்டோபரில் பொதுத்தேர்தல் வந்தது. கட்சித் தலைவர் உட்பட அத்தனை பேரும் தோற்றார்கள். ஜெயித்தது சூஸ்மன் மட்டும், அதுவும் 564 ஓட்டு வித்தியாசத்தில். நூற்றைம்பதுக்கு மேல் உறுப்பினர்கள் இருந்த, வெள்ளையர் மட்டுமே உட்காரக்கூடிய, ஏறத்தாழ முழுக்க ஆண்கள் நிறைந்த அவையில் தனியாக ஒரு அம்மா. அதுவும் யூதப் பெண். அவர் பேச எழுந்தாலே எதிர்வரிசையிலிருந்து 'மாஸ்கோவுக்குப் போ', 'இஸ்ரேலுக்குப் போ' என்று கூச்சல் கிளம்பும்.

தொண்ணூறு நாள் சட்டம்

இனிமேல்தான் விஷயம்.

1960 மார்ச் 21-ல் ஷார்ப்வில் என்ற ஊரில் பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள் மேல் போலீஸ் சுட்டது. 69 பேர் செத்தார்கள். அடுத்த மாதமே ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸும் பான்-ஆப்பிரிக்க காங்கிரஸும் தடை செய்யப்பட்டன. பேச வழியில்லாமல் போனதும் இரண்டு பக்கமும் ஆயுதத்துக்குத் திரும்பினார்கள். 1961 டிசம்பரில் மண்டேலாவின் ஆட்கள் நாசவேலைகளைத் தொடங்கினார்கள். பான்-ஆப்பிரிக்க அணியிலிருந்து கிளைத்த போக்கோ என்ற கூட்டம் வெள்ளையர்களைக் கொலையே செய்தது. வெள்ளைக்காரர்கள் வீடுகளில் உண்மையிலேயே பயம் இருந்தது. இதையும் சொல்லணும். பயம் பொய்யாக இருந்திருந்தால் அந்தச் சட்டத்தை எதிர்ப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

1963-ல் நீதி அமைச்சர் ஜான் ஃபோர்ஸ்டர் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார். அதில் ஒரு பிரிவு: அரசியல் குற்றம் செய்ததாகவோ, அதைப் பற்றித் தகவல் தெரிந்தவராகவோ சந்தேகம் வந்தால் போதும். ஒரு போலீஸ் அதிகாரி வாரன்ட் இல்லாமல் ஒருவரைப் பிடித்து 90 நாள் தனிமையில் வைக்கலாம். வக்கீல் கிடையாது. விடுதலை செய்யச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போட முடியாது. 90 நாள் முடிந்ததும் மறுபடி பிடிக்கலாம். அதே மசோதாவில் இன்னொரு பிரிவு, தண்டனைக் காலம் முடித்த கைதியையும் வெளியே விடாமல் வைத்திருக்கலாம் என்றது. அது ராபர்ட் சொபுக்வே என்ற ஒரே தலைவருக்காகத் தைத்த சட்டை. தண்டனை முடிந்தும் 1969 வரை அவரை ராபன் தீவில் தனி வீட்டில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் நாடாளுமன்றத்தில் அந்தப் பிரிவைப் புதுப்பிப்பார்கள்.

எதிர்க்கட்சி என்ன செய்தது? 'சில ஷரத்துகளில் எங்களுக்குக் கவலை உண்டு, ஆனால் நாட்டின் பாதுகாப்பு முக்கியம்' என்ற பாட்டு. இரண்டாம் வாசிப்பில் ஆளுங்கட்சியோடு சேர்ந்து ஆதரித்துவிட்டார்கள். எதிர்த்தவர் சூஸ்மன் ஒருவர்.

அவர் வாதம் ரொம்ப எளிமையானது. வன்முறையை அவர் ஆதரிக்கவில்லை, அதைத் தெளிவாகவே சொன்னார். ஆனால் கோர்ட் எட்டிப் பார்க்க முடியாத ஒரு அறையில் போலீஸ் கையில் ஒரு மனிதனை ஒப்படைத்தால் அங்கே என்ன நடக்கும் என்பதற்கு யார் பொறுப்பு? சட்டபூர்வமாகப் பேச வழியை அடைத்துவிட்டுப் பிறகு அவன் சட்டத்தை மீறுகிறான் என்று சட்டத்தைக் கடுமையாக்கிக்கொண்டே போனால் எங்கே போய் முடியும்? குறையைத் தீர்க்காமல் பூட்டை மட்டும் பெரிதாக்குவதில் பாதுகாப்பு இல்லை என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

எண்ணிக்கை முடிந்தது. தோற்றார். சட்டம் வந்தது.

சரி, தப்பு செய்யாதவன் எதுக்குப் பயப்படணும்? பார்க்கலாம். அதே 1963 ஆகஸ்டில் ரூத் ஃபர்ஸ்ட் என்ற பெண் பத்திரிகையாளரைப் பிடித்தார்கள். 90 நாள் முடிந்தது, வெளியே விட்டார்கள். தெருவில் கால் வைத்ததும் மறுபடி பிடித்தார்கள். மொத்தம் 117 நாள், குற்றச்சாட்டே இல்லாமல். பின்னால் அந்த எண்ணையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். ஆனால் அவர் உயிரோடு வெளியே வந்தார். லுக்ஸ்மார்ட் நுட்லே என்பவர் வரவில்லை. செப்டம்பர் 5-ம் தேதி காவலில் செத்துப்போனார். தற்கொலை என்றார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் காவலில் முதன்முதலில் செத்தவர்களில் ஒருவர் அவர்.

கேள்வி கேட்பது என்ற தொழில்

ஓட்டில் ஜெயிக்க வாய்ப்பே இல்லாத எம்.பி. என்ன செய்ய முடியும்? இதைத்தான் நான் இந்த அம்மாவிடம் கற்றுக்கொள்ளத் தக்கதாக நினைக்கிறேன். கேள்வி கேட்டார்.

எத்தனை பேர் 90 நாள் காவலில் இருக்கிறார்கள்? அதில் பெண்கள் எத்தனை? பாஸ் குற்றத்துக்கு இந்த வருஷம் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள்? எத்தனை பேருக்குக் கசையடி? எத்தனை பேரைத் தூக்கிலிட்டீர்கள்? காவலில் செத்தவர்கள் எத்தனை, காரணம் என்ன? இந்த ரகத்தில் நூற்றுக்கணக்கான கேள்விகள். சபை விதிப்படி அமைச்சர் பதில் சொல்லியே ஆகணும். சொன்னது அவைக் குறிப்பில் அச்சாகும். தடை செய்யப்பட்டவர்கள் சொன்னதை அந்த நாட்டில் பத்திரிகைகள் போட முடியாது. சிறை நிலைமையை எழுதினால் வழக்கு. ஆனால் நாடாளுமன்றத்தில் சொன்னதைத் தாராளமாகப் போடலாம். ஆக, வெளியே வராத தகவல் வெளியே வர ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வழியாகச் சளைக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு அமைச்சருக்குக் கோபம் வந்தது. வெளிநாடுகளில் தென்னாப்பிரிக்காவுக்குச் சங்கடம் ஏற்படுத்தத்தானே இப்படிக் கேட்கிறீர்கள் என்று கத்தினார். சூஸ்மன் சொன்ன பதில் உலகப் பிரசித்தம். சங்கடம் என் கேள்வியால் வரவில்லை, உங்கள் பதிலால் வருகிறது என்றார். எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய பதில், இல்லீங்களா?

வாய் கொஞ்சம் நீளம்தான். பிரதமர் ஃபெர்வூர்ட் ஒருமுறை 'உங்களை நான் கணக்கிலிருந்தே தள்ளிவிட்டேன்' என்றபோது, 'உலகமே உங்களைத் தள்ளிவிட்டதே' என்று திருப்பிக் கொடுத்தார். இன்னொருமுறை ஒரு அமைச்சரிடம், நீங்களே கறுப்பின மக்களின் குடியிருப்புக்குப் போய்ப் பாருங்கள், ஆனால் அடையாளம் தெரியாமலிருக்க மனிதர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு போங்கள் என்றார். வீட்டுக்குப் போன் பண்ணி ஆபாசமாகத் திட்டுகிறவர்களுக்காகப் பக்கத்திலேயே ஒரு விசில் வைத்திருப்பாராம். ரிசீவரில் வாய் வைத்து ஒரே ஊது! இதைப் படித்துவிட்டுத் தங்கமணி சிரித்த சிரிப்பு இருக்கே, பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஆனால் எப்போதும் சிரிப்பாக இருக்கவில்லை. 1966 செப்டம்பர் 6. நாடாளுமன்ற ஊழியர் ஒருவர் சபைக்குள்ளேயே ஃபெர்வூர்ட்டைக் கத்தியால் குத்திக் கொன்றார். அந்தக் களேபரத்தில் பாதுகாப்பு அமைச்சர் பி.டபிள்யூ. போத்தா சூஸ்மனைப் பார்த்து விரலை ஆட்டி, இதைச் செய்தது நீங்கள்தான், உங்களை மாதிரி தாராளவாதிகள்தான், இனி உங்களை விடமாட்டோம் என்று கத்தினார். பிரதமரின் உயிர் சபைக்குள் போயிருக்கிறது, கொலைப்பழியைச் சக உறுப்பினர் மேல் போடுகிறார் ஒரு அமைச்சர். வேறு யாராக இருந்தாலும் பயந்து ஒதுங்கியிருப்பார்கள். இவர் சபாநாயகரிடம் புகார் கொடுத்து, போத்தாவை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டுத்தான் விட்டார். வேண்டாவெறுப்பான மன்னிப்புதான். அந்த போத்தாதான் பின்னாளில் பிரதமர், அப்புறம் ஜனாதிபதி. இரண்டு பேருக்கும் கடைசி வரை ஆகவில்லை.

தீவில் ஒரு நாள்

எம்.பி. என்பதால் சிறைகளைப் பார்க்க அனுமதி கேட்க முடியும். 1967-ல் ராபன் தீவுக்குப் போனார். அங்கே அரசியல் கைதிகளின் வரிசை. முதலில் இருந்த கைதிகளில் ஒருவர், எங்களிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம், நேரே கடைசிக்குப் போங்கள், அங்கே மண்டேலா இருக்கிறார், அவர்தான் எங்களுக்காகப் பேசுவார் என்று சொல்லி அனுப்பினார். பார்வைக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம், அதிகாரிகள் அதை இழுத்தடித்து முடித்துவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

மண்டேலா கம்பி வழியாகக் கை நீட்டித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பிறகு பட்டியல்: சாப்பாடு, உடை, படுக்கை, படிக்க வசதி. கூடவே ஒரு வார்டரைப் பற்றிய புகார். கையில் நாஜி ஸ்வஸ்திகாவைப் பச்சை குத்திக்கொண்டு கைதிகளை வதைத்துக்கொண்டிருந்த ஆள். யூதப் பெண்ணிடம் இதைச் சொன்னால் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். அதிகாரிகள் பக்கத்தில் நிற்க, பயப்படாமல் மண்டேலா இதைச் சொன்னது சூஸ்மனுக்கு ஆச்சரியம்.

சூஸ்மன் விஷயத்தை மேலே கொண்டுபோனார். இந்த அம்மா இதைச் சபையில் எழுப்பினால் உலகப் பத்திரிகை முழுக்க வந்துவிடும் என்று அரசுக்குத் தெரியாதா என்ன. கொஞ்ச காலத்தில் அந்த வார்டர் தீவிலிருந்து மாற்றப்பட்டார். கைதிகளின் நிலைமையும் படிப்படியாக மாறியது. சிறை அறைகளுக்கு வந்த ஒரே பெண் அவர்தான் என்று மண்டேலா தன் சுயசரிதையில் நன்றியோடு எழுதியிருக்கிறார்.

இதற்குள் சபையில் சட்டம் இன்னும் ஒரு படி மேலே ஏறிவிட்டது. 90 நாள் பிரிவை 1965-ல் நிறுத்தி வைத்து, சாட்சிகளை 180 நாள் அடைத்து வைக்கலாம் என்று வேறு சட்டம் போட்டார்கள். 1967-ல் பயங்கரவாதச் சட்டம். அதன் 6-ம் பிரிவில் நாள் கணக்கே கிடையாது, எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். குறைந்தபட்ச தண்டனை 5 வருஷம், அதிகபட்சம் தூக்கு. போதாததற்கு 1962 ஜூன் வரைக்கும் பின்னோக்கிப் பாயும். பயங்கரவாதம் என்றால் என்ன என்பதற்குக் கொடுத்த பட்டியலில், அரசு நிர்வாகத்துக்குச் சங்கடம் விளைவிப்பதும் ஒன்று. நீ செய்ததால் அப்படி ஒரு விளைவு வரக்கூடும் என்றால், அந்த நோக்கம் உனக்கு இல்லை என்று நீதான் நிரூபிக்கணும்.

சங்கடம்! மேலே அமைச்சர் கத்திய அதே வார்த்தை. கேள்வி கேட்பதைப் பற்றிய எரிச்சல் ஒரு நாட்டில் எப்படிப் படிப்படியாகத் தூக்குத் தண்டனைச் சட்டமாக வளர்கிறது என்று இங்கே நின்று பார்க்கலாம். இந்தத் தடவையும் எதிர்த்தது ஒரே ஒரு ஓட்டு. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

பத்து வருஷம் கழித்து 1977 செப்டம்பர் 12-ல் ஸ்டீவ் பிகோ என்ற முப்பது வயது இளைஞர் போலீஸ் காவலில் செத்தார். மண்டையில் பலத்த அடி, மூளையில் காயம். உண்ணாவிரதம் இருந்தார் என்று முதலில் சொல்லிப் பார்த்தார்கள். அவரைப் பிடித்து வைத்திருந்தது எந்தச் சட்டத்தில் தெரியுமா? அதே பயங்கரவாதச் சட்டம், அதே 6-ம் பிரிவு.

1967-ல் ஆதரித்து ஓட்டுப் போட்ட எதிர்க்கட்சிக்காரர்கள் யாரும் பிகோவைக் கொல்ல நினைக்கவில்லை. நல்ல குடும்பஸ்தர்கள்தான். நாட்டுக்கு ஆபத்து, போலீஸுக்குக் கொஞ்சம் கூடுதல் அதிகாரம் வேணும், தப்பு செய்யாதவன் எதுக்குப் பயப்படணும் என்று நினைத்திருப்பார்கள். அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு

தெய்வமாக்கிவிட்டு முடிக்க எனக்கு விருப்பமில்லை. அவர் மேல் வைக்கப்பட்ட விமர்சனங்கள் லேசானவையும் இல்லை.

அவருடைய கட்சி ரொம்ப காலம் எல்லாருக்கும் ஓட்டு என்று சொல்லவே இல்லை. படிப்போ சொத்தோ இருக்கிற கறுப்பினத்தவருக்கு ஓட்டு என்பதுதான் கொள்கை. 1978-ல்தான் அதைக் கைவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் மேல் பொருளாதாரத் தடை போட வேண்டும் என்று உலகமே கேட்டபோது சூஸ்மன் எதிர்த்தார். வேலை போவது ஏழைக் கறுப்பினத் தொழிலாளிக்குத்தான் என்பது அவர் கட்சி. அந்த மக்களின் தலைவர்கள் பலரோ, அந்தக் கஷ்டத்தை நாங்கள் படத் தயார், நீங்கள் ஏன் எங்களுக்காகக் கவலைப்படுகிறீர்கள் என்று கேட்டார்கள். இந்த விஷயத்தில் எனக்கு அந்தத் தலைவர்கள் சொன்னதுதான் சரியென்று படுகிறது.

இன்னொன்று. வெள்ளையர் மட்டும் உட்காருகிற சபையில் நீ உட்கார்ந்து கேள்வி கேட்பதே அந்தச் சபைக்கு மரியாதை தேடித் தருகிறது, 'பார், எங்களிடமும் எதிர்ப்புக்கு இடமுண்டு' என்று அவர்கள் காட்டிக்கொள்ள உதவுகிறது என்ற வாதம். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ரூத் ஃபர்ஸ்ட் ஜெயிலுக்குப் போனார், 1982-ல் அரசு அனுப்பிய பார்சல் குண்டில் உயிரையே விட்டார். சூஸ்மன் ஒருநாளும் ஜெயிலுக்குப் போகவில்லை. வெள்ளைத் தோல், பணக்காரத் தொகுதி, சபை உரிமை என்று மூன்று கவசம் இருந்தது. ஆனால் அந்த மூன்று கவசமும் இருந்த மற்ற நூற்றைம்பது பேர் என்ன செய்தார்கள் என்று பார்க்கும்போதுதான் இவர் செய்ததன் எடை தெரிகிறது.

சிறையிலிருந்தும், தடையில் இருந்தவர்களின் குடும்பங்களிலிருந்தும் கட்டுக்கட்டாக அவருக்குக் கடிதம் வந்தது. அவர்களில் யாருக்கும் ஓட்டு கிடையாது, அவர் தொகுதியிலும் இல்லை. அவர்களுக்கு எம்.பி. என்று யாருமே இல்லாததால் அவரிடம் வந்தார்கள். அவர் கொள்கையோடு கொஞ்சமும் ஒத்துப்போகாத கம்யூனிஸ்ட் வக்கீல் பிராம் ஃபிஷர் ஜெயிலில் புற்றுநோயால் செத்துக்கொண்டிருந்தபோது, அவரை வெளியே விடச்சொல்லிப் போராடியதும் இவர்தான். 1975-ல் கடைசி நாட்களுக்கு மட்டும் தம்பி வீட்டில் இருக்க விட்டார்கள்.

அப்புறம்?

1974 தேர்தலில்தான் துணைக்குச் சொந்தக் கட்சிக்காரர்கள் சிலர் சபைக்கு வந்தார்கள். 1989-ல் 36 வருஷம் முடித்து ஓய்வு பெற்றார். அடுத்த பிப்ரவரியில் தடைகள் நீங்கின, மண்டேலா வெளியே வந்தார். 1994-ல் எல்லாரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தலை நடத்திய ஆணையத்தில் சூஸ்மனும் ஒரு உறுப்பினர். 1996 டிசம்பர் 10-ம் தேதி புது அரசியல் சட்டத்தில் மண்டேலா கையெழுத்துப் போட்டார். இடம் எது தெரியுமா? ஷார்ப்வில். அருகில் சூஸ்மன். விசாரணையில்லாமல் காவலில் வைக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் உரிமைகள் பட்டியலில் இருக்கிறது. 1963-ல் ஒரு ஓட்டு வாங்கிய விஷயம்!

புது அரசையும் சும்மா விடவில்லை. எய்ட்ஸ், ஜிம்பாப்வே என்று தப்பாகப் பட்டதையெல்லாம் விமர்சித்துக்கொண்டே இருந்தார். 2009 ஜனவரி 1-ம் தேதி 91 வயதில் காலமானார். இன்னொரு சின்னத் தகவல். விடுதலைக்குப் பிறகு மண்டேலா வீடு வாங்கிக் குடியேறியதும், 2013-ல் கண்ணை மூடியதும் ஹவுட்டனில். அந்த அம்மாவின் தொகுதி.

அந்த ஒத்தை ஓட்டினால் 1963-லோ 1967-லோ ஒரு சட்டமும் நிற்கவில்லை, ஒரு உயிரும் பிழைக்கவில்லை. அதை மறைக்க முடியாது. ஆனால் 'ஏகமனதாக' என்ற வார்த்தையை அந்த அரசால் எழுத முடியவில்லை. எங்களுக்கு அப்போது தெரியாது, எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம் என்று பின்னால் யாரும் சொல்ல வழியில்லாமல் போனது. ஏனென்றால் அதே அறையில், அதே நாளில், என்ன நடக்கும் என்று ஒருவர் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். அச்சில் இருக்கிறது.

கடைசியாக எங்கள் குடியிருப்பு. நான் ஒன்றும் வீரனாகிவிடவில்லை. செயலாளருக்கு ஒரு மெயில் மட்டும் போட்டேன். மூன்று கேள்வி. இந்த ஒரு மாதத்தில் எத்தனை பைகள் திறந்து பார்க்கப்பட்டன? அதில் என்ன கிடைத்தது? வெளியே போகும் குடியிருப்போர் கார்களில் எத்தனை டிக்கி திறந்து பார்க்கப்பட்டது? கூடவே, 'ஏகமனதாக' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு 'ஒருவர் எதிர்ப்பு' என்று போடச் சொன்னேன். அன்றைக்கு வாயைத் திறக்காதது என் தப்பு என்பதையும் எழுதினேன்.

பதில் இன்னும் வரவில்லை. பெரியவர் லிஃப்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆனால் நேற்று மூன்றாவது மாடி டீச்சரம்மா மாடிப்படியில் நிறுத்தி, "அந்த மெயில் நீங்க போட்டதுதானே? அடுத்த மீட்டிங்குக்கு நானும் வரேன் தம்பி" என்றார்.

ஆக, இரண்டு பேர். சூஸ்மனுக்கு இதற்குப் பதிமூன்று வருஷம் ஆனது.